அடியெலை எடுத்த நாயம்

வாங்க அம்மிணி, இப்புடி நெழலுக்கு வாங்க. அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு காலு ஆடும், சாயாம உக்காந்தீங்கன்னா ஒண்ணும் பண்ணாது. மயிலாத்தாளையா பாக்கோணும்? அவ இல்லீங்களே. கொழுமத்துப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருக்கறா. வர ஒரு மணி நேரமாவது ஆகும். என்ன விசயமுங்க? தக்காளிக்கு அடியெலை எடுக்கறதப் பத்தியா? அதுக்கு எதுக்குங்க அவ? நான் இருக்கறனல்ல.

நான் சென்னியப்பன். மயிலாத்தா ஊட்டுக்காரன். முன்னெல்லாம் அவளத்தான் சென்னியப்பன் சம்சாரம்னு சொல்லுவாங்க. இப்ப என்னமோ ஊருக்குள்ள என்ற பேரைச் சொல்லி வழி கேட்டா, 'மயிலாத்தா ஊடா?'ன்னு திருப்பிக் கேக்கறானுங்க. நீங்க யாருகிட்ட வழி கேட்டீங்க? டீக்கடையிலயா? குமரவேலு சிரிச்சானா? சிரிச்சிருப்பான். அவனுக்கு வேற சோலி இல்ல.

எந்த ஊருங்க நீங்க? ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கமா. அங்கிருந்து உடுமலை வந்து, மறுபடி இந்த டவுன் பஸ்ஸப் புடிச்சு வந்திருக்கறீங்க. அரை ஏக்கராவா? சொந்தப் பூமிதானுங்களே? ஊட்டுக்காரரு வரலீங்களா? சரி சரி, நான் எதுக்குக் கேக்கறேன்னா, ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் சொன்னா டக்குனு புரியும். நீங்க நோட்டெல்லாம் கொண்டு வந்திருக்கறீங்க, பரவாயில்ல. எழுதிக்குங்க. மயிலாத்தா சொல்லி நீங்க எழுத முடியாது. அவ பேசவே மாட்டா. கையத்தான் காட்டுவா. நான்னா வெவரமாச் சொல்லுவேன்.

முப்பது வருசமா தக்காளி வெக்கறனுங்க. குச்சி நட்டு, சணல்ல கட்டி, சுத்துப்பட்டுல மொதல்ல தக்காளியத் தூக்கிக் கட்டுனது நான்தான். அப்பேர்ப்பட்ட எனக்கே ரெண்டு வருசம் தொடர்ந்து கருகல் சீக்கு வந்துருச்சு. அடியில இருக்கற எலையில பழுப்பாப் புள்ளி வுழும். புள்ளின்னா வெறும் புள்ளி இல்ல, வட்டத்துக்குள்ள வட்டம், கோலம் போட்ட மாதிரி. அப்புறம் எலை மஞ்சளாப் போயி, கருகி, மேல மேல ஏறும். மருந்தடிச்சேன். கடைக்காரன் குடுத்ததெல்லாம் அடிச்சேன். அவன் ஊடு கட்டுனான். என்ற செடி கருகிப் போச்சு.

அப்பத்தான், மூணு வருசத்துக்கு முன்னால ஒரு புரட்டாசி மாசம், ஆராய்ச்சிப் பண்ணையில பயிற்சின்னு கூப்புட்டாங்க. ஊட்டுக்கு ஒரு பொம்பளையும் வரோணும்னு சொல்லிப்போட்டாங்க. எனக்கு அன்னைக்கு ஒரு பஞ்சாயத்து இருந்துச்சு. நீயே போயிட்டு வா, மத்தியானம் சாப்பாடு போடறாங்களாம்னு மயிலாத்தாள அனுப்புனேன். அனுப்புனது ஆரு? நான். அதை எழுதிக்குங்க.

பொழுதோட வந்தா. கையில ஒரு சின்னக் கத்திரிக்கோலு. துணி வெட்டறதுக்கும் ஆகாது, கயிறு வெட்டறதுக்கும் ஆகாது. வந்ததும் வராததுமா, "ஏனுங்க, நம்ம தக்காளிக்கு அடியெலையெல்லாம் எடுத்துப் போடோணுமுங்க"ன்னா.

"எதுக்கு?"ன்னேன்.

"மண்ணத் தொட்டுக்கிட்டு இருக்கற எலைக்குத்தான் மொதல்ல சீக்கு வருதாமுங்க. மழை பேஞ்சா மண்ணு தெறிக்குதல்ல? அந்த மண்ணுல இருக்கற சீக்கு அடியெலையில ஒட்டிக்குமாம். அங்கிருந்து ஏணி ஏறறாப்பல மேல போகுமாம். அடியில வெறுசா இருந்தா மண்ணுத் தெறிப்பும் படாது, காத்தும் உள்ள போகும்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. "ஆபீசரு சம்பளம் வாங்கறாரு, என்னத்தையாச்சும் சொல்லோணுமல்ல? எலைதான் செடிக்குச் சோறாக்குது. அடுப்பப் பேத்துப் போட்டுட்டு சோறு கேக்கறயா?"ன்னேன். நல்லாத்தான கேட்டேன்? நீங்களே சொல்லுங்க.

அவ கத்திரிக்கோல ஆணியில மாட்டுனா. அப்புறம் சொல்லறா, "அடியில நெழலுக்குள்ள கெடக்கற எலைக்கு வெயிலே படறதில்லீங்க. அது எரியாத அடுப்பு. வெறகத்தான் திங்குது"ன்னு. ஒரு நாளு பயிற்சிக்குப் போயிட்டு வந்து என்ன பேச்சுப் பேசறா பாருங்க. அதோட நிறுத்துனாளா? "எனக்கு நாலு வரிசை மட்டும் குடுங்க. மிச்சத்த நீங்க உங்க இஷ்டம் போலப் பாத்துக்குங்க"ன்னா.

நான் அப்புடியெல்லாம் கஞ்சன் கெடையாதுங்க. குடுத்தேன். கெழக்கு மூலையில, வாய்க்காத் தண்ணி தேங்குற எடத்துல நாலு வரிசை. அங்க எப்பவும் செடி சவலையாத்தான் இருக்கும். எப்புடியும் வராத எடம், இவளுக்குக் குடுத்தா என்னன்னு தாராளமாக் குடுத்துப்போட்டேன்.

அவ எப்புடிப் பண்ணுனான்னு சொல்லறேன், எழுதிக்குங்க. இது நான் நின்னு கவனிச்சது. மொதக் கொலைன்னா மொதக் காய்க்கொத்து, அது பிஞ்சு புடிக்கற வரைக்கும் தொடவே இல்ல. முழங்கா ஒசரம் வந்து, பிஞ்சு கண்ணுல தெரிஞ்சதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சா. காத்தால போக மாட்டா. வெயிலு ஏறி, எலையில பனி ஈரமெல்லாம் காஞ்சதுக்கு அப்புறந்தான் போவா. செடிக்கு மண்ணத் தொடற எலை ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு. தண்டோட ஒட்ட வெட்டுவா. ஒரு செடி முடிஞ்சா, டெட்டால் தண்ணியில கத்திரிக்கோல நனைச்சுத் தொடைச்சுட்டுத்தான் அடுத்த செடி. பத்து நாளு கழிச்சு மறுபடி ரெண்டு எலை. இப்புடிக் கொஞ்சம் கொஞ்சமா மொதக் கொலைக்குக் கீழ வரைக்கும். அதுக்கு மேல கையே வெக்க மாட்டா. வெட்டுன எலைய வாய்க்கால்ல போடாம, கூடையில வாரிட்டுப் போயி, வேலிக்கு அக்கட்ட குழி வெட்டிப் பொதைப்பா. ஒரு பெரசவம் பாக்கறவ மாதிரிங்க.

எனக்குப் பொழுது போச்சு. டீக்கடையில போயி, எங்கூட்டுல தக்காளிக்கு மொட்டை போடறாங்கன்னு சொன்னேன். பழனி இங்கிருந்து கூப்புடு தூரத்துல இருக்குது, செடிகளப் பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு இவ இங்கயே வேண்டுதலை முடிக்கறான்னு சொன்னேன். குமரவேலு டீ ஆத்தறத நிறுத்திப்போட்டுச் சிரிச்சான். நாலு பேரு தொடையத் தட்டிக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் நாயம் பேசுனா, ஒரு கதை சொன்னா, சிரிக்காத ஆளு கெடையாதுங்க இந்த ஊர்ல. ஒரு வாரத்துல ஊரு பூராப் பரவிருச்சு. அவ ரேசன் கடைக்குப் போனா, "மயிலக்கா, மொட்டை போட்டாச்சா? சந்தனம் பூசியாச்சா?"ன்னு கேக்கறாங்க. அவ "இன்னும் ரெண்டு வரிசை பாக்கி இருக்குது"ன்னு பதில் சொல்லிப்போட்டு அரிசிய வாங்கிட்டு வந்துட்டா. எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல, ஏனுங்க இப்புடிச் சொல்லிட்டுத் திரியறீங்கன்னு? கேக்கவே இல்ல. கோவிச்சுக்கிட்டாளாவது ரெண்டு நாள்ல சரியாப் போயிரும். கோவமே படாத பொம்பளையோட எப்புடீங்க குடும்பம் நடத்தறது?

ஐப்பசி வந்துச்சு. ஆறு நாளு அடைமழை. ஏழாம் நாளு வெறிச்சுது. நான் போயிப் பாக்கறேன், என்ற செடியில எல்லாம் அடியில புள்ளி. அடுத்த நாலு நாள்ல முழங்காலுக்கு ஏறிருச்சு. எலையத் தூக்கிப் பாத்தா மண்ணு அப்பிக் கெடக்குது. மருந்தடிக்கலாம்னு பாத்தா, அடிச்சது உள்ளயே போகலீங்க, அப்புடி அடைசலா இருக்குது.

அவ வரிசையா? அது இருந்துச்சு. அடியில கெண்டைக்கால் ஒசரத்துக்கு வெறுந்தண்டு. இந்தப் பக்கம் குனிஞ்சு பாத்தா அந்தப் பக்கம் போற கோழி தெரியும். மேல எலை பச்சையா, பிஞ்சு கோலிக்குண்டு கணக்கா. நான் சும்மா பாத்தனுங்க. தெனமும் காத்தால சும்மா பாத்துட்டுப் போவேன். அந்த எடத்து மண்ணு நல்ல மண்ணுங்க.

என்னங்க? மொதல்ல மோசமான மூலைன்னு சொன்னனா? அது தண்ணி விசயத்துல மோசம். மண்ணு விசயத்துல நல்லது. ரெண்டும் வேற வேறதானுங்களே. நீங்க எழுதறதோட சரி பாத்துக்கிட்டே வர்றீங்களாட்ட இருக்குது. வாத்தியாரம்மாவா நீங்க? இல்லீங்களா. சரி.

தண்ணி குடிக்கறீங்களா? சொம்பு உள்ள இருக்குது, எடுத்துட்டு வர்றேன்.

ம், குடிங்க. எங்க விட்டேன்? ஆமா. அவகிட்டக் கேட்டிருக்கலாமல்லன்னுதான கேக்கறீங்க? எப்புடீங்க கேக்கறது? ஊரு பூரா மொட்டை மொட்டைன்னு சொல்லிச் சிரிச்ச வாயி. அதே வாயில போயி, 'ஏ மயிலா, என்ற செடிக்கும் கொஞ்சம் எடுத்து விடு'ன்னு சொல்லறதா? எனக்கு ஒரு மரியாதி இருக்குதல்ல? அதுவுமில்லாம எனக்குத் தெரியாததா? எலைய எடுக்கறதுக்குப் படிப்பு வேணுமா? எடுத்தா எடுத்ததுதான்.

நல்ல வேளையா தாராவரத்துல அவ அக்கா மகளுக்குக் கண்ணாலம் வந்துச்சு. ரெண்டு நாளு போயிட்டு வான்னு சொன்னேன். "நீங்க வரலீங்களா?"ன்னா. தோட்டத்துல சோலி கெடக்குதுன்னேன். அவ பஸ் ஏறுன மறுநாளு, கருக்கல்லயே எந்திரிச்சுப் போனேன். எட்டு மணிக்கு மேல ரோட்டுல ஆளு நடமாட்டம் வந்துரும், அதுக்குள்ள ரோட்டோரத்து வரிசைய முடிச்சுப்போடோணும் பாருங்க. எலையெல்லாம் சொட்டச் சொட்டப் பனி. அவ கத்திரிக்கோலத் தேடுனேன், கெடைக்கல, கொண்டு போயிட்டாளாட்ட இருக்குது. கண்ணாலத்துக்கு எதுக்குங்க கத்திரிக்கோலு? நான் தீவனத்தட்டு அறுக்கற அருவாள எடுத்துக்கிட்டேன். டெட்டாலெல்லாம் நமக்கு எதுக்கு? மனுசனுக்கு ஆப்பரேசனா பண்றம்?

அவ செடிக்கு மூணு எலை எடுத்தா. நான் என்ன நெனச்சேன்னா, மூணு எடுத்தே இவ்வளவு நல்லா இருக்குதுன்னா, முப்பது எடுத்தா எப்புடி இருக்கும். கீழ இருக்கற எலை கெடுதல்னா நடுவுல இருக்கறது பாதிக் கெடுதலாவது இருக்குமல்ல? ஒரே மூச்சா வேலைய முடிச்சுப்போடலாம்னு, உச்சியில ஒரு கொத்து மட்டும் விட்டுப்போட்டு பாக்கியெல்லாம் எடுத்துட்டேன். தென்னமரமாட்ட நின்னுச்சுங்க ஒவ்வொரு செடியும். காயெல்லாம் பளிச்சுன்னு வெளிய தெரிஞ்சுது. இத்தனை காயா இருந்துச்சுன்னு எனக்கே சந்தோசம். எலைய வாய்க்கால்லயே தள்ளிவிட்டேன், மக்கி உரமாவட்டும்னு. ஒண்ணரை நாள்ல ஒரு ஏக்கரா. ஒத்தை ஆளா. இந்த வயசுல எவன் பண்ணுவான்?

அப்புறம் அந்த நாலு வரிசையும் பண்ணுனேன்.

ஆமாங்க. அவளோடதுதான்.

ஏற்கனவே எடுத்த செடிதான். அதுலயும் மேல எடுத்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னுதான். எழுதாதீங்க, அது ஒண்ணும் பெரிய விசயமில்ல. மேல கேளுங்க.

மூணாம் நாளு மத்தியானம் வந்தா. பஸ்ஸ விட்டு எறங்கி ஊட்டுக்குப் போகாம நேராத் தோட்டத்துக்கு வந்துட்டா. கண்ணாலத்துப் பட்டுச்சேலை, கையில தாம்பூலப் பை. நான் மோட்டார் ரூமுக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். அவ என்னமோ சொல்லுவான்னு பாத்தேன். நான் பதிலெல்லாம் தயாரா வெச்சிருந்தேன். அவ என்ற செடியப் பாத்தா. அப்புறம் அவ வரிசைக்கிட்டப் போனா. ஒரு செடிய இப்புடி ரெண்டு விரலால புடிச்சுப் பாத்தா, சொரத்தோட வந்த குழந்தைய டாக்டரம்மா தொட்டுப் பாக்கறாப்பல. பைய வரப்புல வெச்சா. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, வாய்க்கால்ல கெடந்த எலையப் பொறுக்க ஆரம்பிச்சுட்டா. பட்டுச்சேலையோடங்க. கூடை கூடையா வாரிட்டுப் போயிக் கொட்டுனா. பொழுது சாயற வரைக்கும் பொறுக்குனா. என்ற வாய்க்கால், அவ வாய்க்கால்னு பாக்கல, எல்லாத்தையும் பொறுக்குனா.

நான் ரெண்டு தடவ கிட்டப் போயி, டீ வெச்சுத் தரட்டுமான்னு கேட்டேன். வேண்டாமுங்கன்னா. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. மத்தியானம் சாப்புடாததுதான்னு நெனச்சு, தாம்பூலப் பையில இருந்த லட்ட எடுத்துத் தின்னேன். அப்பவும் போகல.

அதுக்கப்புறம் அடிச்சுது பாருங்க வெயிலு. அந்த வருசம் வெயிலு ஒரு தினுசா இருந்துச்சு. மழை விட்ட அடுத்த வாரம் அப்புடி ஒரு வெயில நான் பாத்ததில்ல. மறைக்கறதுக்கு எலை இல்லீன்னு காயெல்லாம் ஒரு பக்கம் வெந்து போச்சு. வெள்ளையா, இஸ்திரிப் பொட்டிய வெச்சு எடுத்த மாதிரி ஒரு தழும்பு. உச்சியில விட்டிருந்த கொத்துலயும் புள்ளி வந்துருச்சு. ஈரத்துல அருவாளோட செடிக்குச் செடி போனதுல, சீக்கு இல்லாத செடிக்கும் நானே கொண்டு போயிக் குடுத்துட்டேன்னு பின்னால சொன்னாங்க. சொல்லறவங்க சொல்லுவாங்க. மண்டிக்குப் பதினாலு பொட்டி கொண்டு போனேன். ஒரு பொட்டிய எடுக்கல. மாட்டுக்குக் கொட்டுனேன். மாடு மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்கிச்சு.

எனக்குக் கோவம் வந்துருச்சு. வராதா பின்ன? பண்ணைக்குப் போன் போட்டு, உங்க பயிற்சியக் கேட்டு என்ற வெள்ளாமை போச்சுன்னு சத்தம் போட்டேன். மறுநாளே ஆபீசரு ஜீப்புல வந்துட்டாரு. சின்ன வயசுக்காரரு. பாத்த ஒடனே தலையில கைய வெச்சுக்கிட்டாரு. "யாரு இப்படி வெட்டுனது?"ன்னு கேட்டாரு. அதுக்குள்ள டீக்கடையில இருந்து பத்துப் பேரு வந்து நிக்கறாங்க. குமரவேலு முன்னால நிக்கறான்.

நான் என்ன சொல்லறதுங்க? பயிற்சிக்கு வந்தது அவதான, அதனால, "ஊட்டுல பொம்பளைங்க"ன்னேன். பொய்யா அது? பொம்பளைங்கதான பயிற்சிக்கு வந்தாங்க.

அவரு மயிலாத்தாளத் திரும்பிப் பாத்தாரு. "ஏம்மா, அன்னைக்கு எத்தனை தடவை சொன்னேன், முதல் குலைக்கு மேல கை வைக்கக் கூடாதுன்னு? ஈரத்துல வெட்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? நீங்கதான எல்லாரையும் விடக் கவனமாக் கேட்டுக்கிட்டீங்க? உங்கள நம்பித்தான நாலு ஊருக்குச் சொல்லலாம்னு இருந்தேன்"ன்னு அத்தனை பேரு முன்னால கடகடன்னு பேசிப்போட்டாரு.

அவ என்னைய ஒரு தடவ பாத்தா. அப்புறம் அவரப் பாத்து, "சரிங்க சார். இனிமே கவனமா இருக்கறேனுங்க"ன்னா.

நான் விட்டுக்குடுக்கலீங்க. நடுவுல பூந்து, "விடுங்க சார், தெரியாமப் பண்ணிப்போட்டா, பொம்பளைதான"ன்னு சொல்லி அவளக் காப்பாத்தி விட்டேன். எத்தனை ஆம்பளைங்க அப்புடிச் சொல்லுவாங்க? ஊர்ல நாலு பேரு, சென்னியப்பனுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு சொன்னாங்க. குமரவேலு மட்டும் சொல்லல. அவன் கருக்கல்ல பால் எடுக்கப் போறவன். நான் அருவாளோட நின்னத அவன் பாத்திருப்பானாட்ட இருக்குது.

ஏனுங்க எழுதறத நிறுத்திப்போட்டீங்க? பேனா தீந்துருச்சா? என்ற பேனா தரட்டுமா? வேண்டாமா. சரி, கேளுங்க.

தை பொறந்ததும் அவ பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாயாகிட்டப் போயிப் பேசிருக்கறா. பொன்னாயா ஊட்டுக்காரன் திருப்பூருல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான், பூமி சும்மா கெடந்துச்சு. அரை ஏக்கராவ வாரத்துக்கு எடுத்துக்கிட்டா. வெளையறதுல பாதி பொன்னாயாளுக்கு, பாதி இவளுக்கு. எங்கிட்டக் கேக்கல. "எடுத்திருக்கறனுங்க"ன்னு வந்து சொன்னா. அவ்வளவுதான். நம்ம பூமி ஒரு ஏக்கரா இருக்கறப்ப எதுக்கு அடுத்தவ பூமின்னு கேட்டேன். "அங்க நான் போயிட்டு வந்தா, விட்டது விட்டபடி இருக்குமுங்க"ன்னா. என்ன அர்த்தத்துல சொன்னாளோ. ஆடு மாடு தொந்தரவில்லைன்னு சொல்லியிருப்பா.

அடுத்து வந்த ஐப்பசியும் மழை பேஞ்சுது. என்ற தோட்டத்துல மறுபடியும் கருகல். அந்த வருசம் நான் ஒரு எலையக் கூட எடுக்கல, இந்தப் பொழப்பே வேண்டாம்னு விட்டுட்டேன். அவளோடதுல தை கடைசி வரைக்கும் பறிப்பு. ஊர்ல எல்லாரும் செடியப் புடுங்கி வேலியோரம் போட்டதுக்கப்புறமும் இவளும் பொன்னாயாளும் பொட்டி கட்டி அனுப்பிக்கிட்டிருந்தாங்க. காயெல்லாம் ஒரே அளவு. மண்டிக்காரனே வண்டி அனுப்பிச்சு எடுத்தான்.

ஆபீசரு மறுபடி வந்தாரு. அவ தோட்டத்துல ஒரு மணி நேரம் நடந்தாரு. அவ வெட்டறதப் பக்கத்துல நின்னு பாத்தாரு. கத்திரிக்கோல டெட்டால்ல நனைக்கறதப் பாத்தாரு. அப்புறம் திரும்பி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்த என்னையப் பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சிரிச்சாரு. நல்ல மனுசன். மயிலாத்தாகிட்டப் போயி என்னமோ மெதுவாச் சொன்னாரு, கையெடுத்துக் கும்புட்டாப்பல இருந்துச்சு. எனக்குக் காது கேக்கல.

அதுக்கப்புறம் தானுங்க இந்த ஆளுக வர்றதெல்லாம். தளி, கொமரலிங்கம், பல்லடம் வரைக்கும் வந்து கூட்டிட்டுப் போறாங்க. டீக்கடைக்காரன் பொண்டாட்டியே இவகிட்டக் கத்துக்கிட்டுத்தான் செடி வெக்கறா. இப்ப எவனும் மொட்டைங்கற பேச்சே பேசறதில்ல. நானா ஒரு நாளு பழைய ஞாபகத்துல எடுத்து விட்டேன். ஒருத்தன் சிரிக்கல. குமரவேலு டீய என்ற முன்னால டொக்குனு வெச்சுட்டுப் போயிட்டான்.

ஆனா ரோசனை பண்ணிப் பாருங்க அம்மிணி. பயிற்சிக்கு அனுப்புனது நான். நாலு வரிசை குடுத்தது நான். எப்புடி வெட்டக் கூடாதுன்னு ஒரு ஏக்கராவுல வெட்டிக் காட்டுனதும் நான்தான். நான் தப்பா வெட்டலீன்னா, எது தப்புன்னு இந்தச் சுத்துப்பட்டுக்கு எப்புடித் தெரியும்? இதையெல்லாம் ஒருத்தனும் சொல்லறதில்ல. அதுதான் எனக்கு வெசனம்.

என்ன கேட்டீங்க? அந்த நாலு வரிசைய எதுக்கு வெட்டுனேன்னா?

விடமாட்டீங்களாட்ட இருக்குது. நீங்களும் அதையேதான் கேக்கறீங்க. ஆபீசரு வந்து திட்டிட்டுப் போன அன்னைக்குப் பொழுதோட, அவ வாசல்ல உக்காந்து கத்திரிக்கோலக் கழுவிக்கிட்டிருந்தா. திட்டு வாங்குனதப் பத்திக் கேப்பான்னு நெனச்சேன். அதக் கேக்கல. தலையத் தூக்காமயே, "அந்த நாலு வரிசையும் உங்கள என்னங்க பண்ணுச்சு?"ன்னா. அவ்வளவுதான். சத்தமாக் கூடக் கேக்கல. நான், மோட்டார நிறுத்திட்டு வந்தர்றேன்னு சொல்லி எந்திரிச்சுப் போயிட்டேன். அன்னைக்குக் கரண்டே இல்லீங்க.

நீங்க வெளியூரு. உங்ககிட்டச் சொன்னா என்ன. அது பாக்க நல்லா இருந்துச்சுங்க. அவ்வளவுதான். என்ற செடிகிட்டப் போகோணும்னா அதத் தாண்டித்தான் போகோணும். தெனமும் காத்தால அதப் பாத்துட்டு வந்து இதப் பாக்கோணும். எத்தனை நாளைக்குங்க பாக்க முடியும்?

இதை அவ மறுபடி கேட்டா சொல்லிப்போடலாம்னுதான் இருக்கறேன். மூணு வருசமாச்சு. அவ கேக்கறதில்ல.

அந்தா, மொபெட் சத்தம். அவதான். இந்த நாயமெல்லாம் நான் சொன்னதா அவகிட்டச் சொல்லிக்காதீங்க. நோட்டுல அந்த எடத்த அடிச்சுப்போடுங்க.

வா மயிலா, இவங்க ஒட்டன்சத்திரத்துல இருந்து வந்திருக்கறாங்க. நான் எல்லாம் வெவரமாச் சொல்லிட்டேன். பாத்தீங்களா, உங்களப் பாத்துச் சிரிக்கறா. போங்க, அவ பின்னால போங்க. என்ற செடிகிட்டத்தான் கூட்டிட்டுப் போறா. இந்த வருசம் என்ற ஏக்கராவையும் அவதான் பாத்துக்கறா. நானா ஒண்ணும் கேக்கலீங்க, அவளே ஒரு நாளு கத்திரிக்கோலோட வந்து எறங்கிட்டா. ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்கறா, நான் செடியத் தொடக் கூடாது. அவ வெட்டிப் போடறத இந்தப் பக்கெட்டுல எடுத்துட்டுப் போயிப் பொதைக்கறது என்ற வேலை. லேசுப்பட்ட வேலை இல்லீங்க அது. ஒரு எலை வாய்க்கால்ல கெடந்தாலும் மொத்தமும் போச்சுன்னு ஆபீசரே சொல்லியிருக்கறாரு.

நீங்க முன்னால நடங்க, நான் வந்தர்றேன். என்னமோ சொல்லறா. காது கேக்குதுங்களா? கையக் கழுவீட்டு வரச் சொல்லறா. தெனமும் சொல்லறதுதான். சோப்பு போட்டு, மொழங்கை வரைக்கும். நான் செடியத் தொடறதே இல்லீங்க. இருந்தாலும் கழுவிக்கறேன்.